தூங்குமூஞ்சி மரமும் சிங்கப்பூர்ச் சாலைகளும்

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் விரைவுச்சாலையின் இருபுறமும் குடை விரித்து நிற்கும் மரங்களைத் தமிழ்நாட்டுக்காரர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஊர்ப் பள்ளிக்கூட வளாகத்திலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்கும் அதே தூங்குமூஞ்சி மரந்தான் அது. தாவரவியலார் அதற்கு இட்டிருக்கும் பெயர் சமானியா சமன். தமிழ்நாட்டுக்கு அது எவ்வளவு அயலோ அவ்வளவு அயல்தான் சிங்கப்பூருக்கும். அதன் தாயகம் உலக உருண்டையின் மறுபக்கத்தில், மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் இருக்கிறது.

வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் புல்வெளிச் சமவெளிகளும் ஆற்றோரங்களும் அதன் இயல்பான இருப்பிடம். அங்கே ஆண்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். சில மாதங்கள் வெள்ளம், சில மாதங்கள் நெருப்பு வெயில். வெயில் காலத்தில் மரம் இலையைக் கொட்டிவிடும். கருத்துப் பழுக்கும் காய்களின் சதை இனிப்பானது. கால்நடைகள் அதைத் தின்று விதையைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கத்தில் வேறு பெருமரங்கள் நெருங்காத திறந்த வெளியில் வளர்ந்ததால், உயரத்தைவிடப் பரப்பையே தேடும் உடலமைப்பு அதற்கு வாய்த்தது. பிற்காலத்தில் சாலை போடுபவர்களுக்கு இது கொள்ளை ஆசையைக் கொடுத்த குணம்.

வியன்னாவில் இருந்த தாவரவியலார் நிக்கோலாஸ் யாக்கின் இம்மரத்தை மைமோசா இனத்தில் சேர்த்து 1800இல் முதன்முதலாக விவரித்தார். அதே ஆண்டு அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் மரக்காய் ஊருக்கருகே, குவெரெ என்ற இடத்தில் நின்ற பேர்பெற்ற சமன் மரத்தைக் கண்டார். அதன் தலைப்பகுதியின் சுற்றளவு 576 அடி என்று குறித்துவைத்தார். அந்த ஒற்றை மரம் ஐரோப்பாவில் இந்த இனத்துக்கே விளம்பரம் தேடித் தந்தது. அதன் பிறகு இனப்பெயர் பலமுறை மாறியது. ஒரு காலத்தில் கொடுக்காப்புளியோடும், இன்னொரு காலத்தில் வாகையோடும் சேர்த்து வைத்தார்கள். இன்று வழங்கும் பெயரை 1916இல் எல்மர் மெரில் நிலைப்படுத்தினார். வாகையோடு உறவு என்பதை அறிய நூல் வேண்டியதில்லை. இரண்டின் பூவையும் அருகருகே வைத்தாலே போதும்: இதழ் இருப்பதே தெரியாது, மகரந்தத் தாள்கள்தாம் பூவாகத் தோன்றும். வாகைப் பூ வெளிறிய பச்சை மஞ்சள். தூங்குமூஞ்சியின் பூவோ அடியில் வெள்ளை, நுனியில் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் மற்றவற்றைவிடப் பருத்த ஒரு பூ நிற்கும். தேன் சுரப்பது பெரும்பாலும் அதில்தான்.

மாலை நெருங்கும்போதும் மழை இருட்டும்போதும் சிற்றிலைகள் மடங்கிக்கொள்வதே தமிழ்ப் பெயருக்குக் காரணம். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு திண்டில் ஒருபக்கத்து உயிரணுக்கள் பொட்டாசியத்தையும் நீரையும் இழந்து தளர, மறுபக்கத்தவை விம்ம, இலை மடியும். வெளிச்சமே இல்லாத அறையில் வைத்தாலும் சில நாட்கள் வரை ஏறத்தாழ அதே நேரத்தில் இலை திறந்து மூடும் என்பதை 1970களில் ரூத் சாட்டர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

மலாய்க்காரர்கள் அந்தக் கடிகாரத்தை எப்போதோ கவனித்துவிட்டார்கள். அவர்கள் இதை ‘பூக்கூல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம், என்று அழைத்தார்கள். இன்று சிங்கப்பூரில் ஐந்து மணிக்கு இம்மரத்தின் அடியில் போய் நின்றால் இலைகள் பெரும்பாலும் விரிந்தே இருக்கும். மரம் மாறவில்லை, மனிதர்களின் மணிதான் மாறியிருக்கிறது. 1905இல் சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்திய நேரத்தை ஏற்றபோது சூரியன் அங்கே ஆறு மணியளவில் மறைந்தது. பிறகு நேரம் பலமுறை முன்னுக்குத் தள்ளப்பட்டது. 1982 முதல் தீவு எட்டு மணி நேரம் முந்தியிருக்கிறது. ஆகவே சூரியன் மறைவது ஏழு மணிக்கு, மரம் உறங்கத் தொடங்குவது ஆறு மணிக்கு. பழைய பெயர் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘மழைமரம்’ என்ற பெயர் வந்த கதை கொஞ்சம் கோணலானது. 1870களின் பிற்பகுதியில், பெரு நாட்டின் மொயோபாம்பா வட்டாரத்தில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தரையில் மழையாகப் பெய்யும் அதிசய மரம் இருப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பஞ்சத்தில் வாடும் நாடுகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோய் நட வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது. சென்னை மாகாணம் 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மாண்டுகொண்டிருந்த காலம் அது. லண்டன் கியூ தோட்டத்தின் உதவி இயக்குநர் வில்லியம் திசெல்டன்-டையர் 1878இல் ‘நேச்சர்’ இதழில் இந்தக் கட்டுக்கதையை ஆராய்ந்தார். அப்பகுதியில் பல ஆண்டுகள் அலைந்த ரிச்சர்ட் ஸ்புரூஸ் நேரில் கண்டதை அவர் சான்றாகக் காட்டினார்: கிளையிலிருந்து சொட்டியது மழை அல்ல, சாற்றை உறிஞ்சும் சில்வண்டுகள் பீய்ச்சும் நீர். விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த விவாதத்தின் போக்கில் ‘மழைமரம்’ என்ற பெயர் சமன் மரத்தின்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. மடிந்த இலைகளின் ஊடாக மாலை மழை நேரே தரையில் இறங்குவதாலும், வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதாலும், மரத்தடிப் புல் மற்ற இடத்தைவிடப் பசுமையாக இருக்கும். கதையை நம்பியவர்களுக்கு அதுவே ஆதாரமாகத் தெரிந்தது.

இந்தப் பரபரப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1876இல், மரம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அப்போது பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் மர்ட்டன். கியூவில் பயிற்சி பெற்று 1875இல் வந்தவர். 1859இல் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் உலாவிடமாகத் தொடங்கிய பூமலை, அவர் காலத்தில்தான் பேரரசின் செடி அஞ்சலகமாக மாறிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அதே கியூவிலிருந்து ரப்பர் கன்றுகள் வந்தன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்று மலாயாவின் பொருளாதாரத்தையும் மற்றொன்று சிங்கப்பூரின் தெருக்களையும் மாற்றின. ரப்பரின் கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பணம் கொடுக்காத மரத்துக்கு வரலாறு குறைவாகத்தான் கிடைக்கும்.

அந்தத் தீவுக்கு நிழல் மரம் வெளியூரிலிருந்து தேவைப்பட்டதே ஒரு விந்தை. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது சிங்கப்பூர் ஏறக்குறைய முழுவதும் காடு. தோல் பதனிடும் சாறு தரும் கேம்பியர்ச் செடியின் தோட்டங்களும் மிளகுத் தோட்டங்களும் அதை அடுத்த அறுபது ஆண்டுகளில் மென்று துப்பின. கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். மண் சளைத்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். மர்ட்டனுக்குப் பின் 1880இல் பொறுப்பேற்ற நாத்தானியல் கேன்ட்லி 1883இல் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. நகருக்கு அருகிலிருந்த மேடுகளில் வெள்ளைக்காரர்கள் ஜாதிக்காய் போட்டார்கள். ஆர்ச்சர்ட் சாலையின் பெயரில் இருக்கும் தோட்டங்கள் அவைதாம். பண்டா தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அந்த மரமும் 1850களில் நோயில் படுத்தது. 1860களில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. ஒரே இன மரத்தை அடுத்தடுத்து நட்டால் என்ன ஆகும் என்று சிங்கப்பூர் கற்ற முதல் பாடம் அது. கற்றதை மறப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை.

ஏனென்றால் சாலைகளில் அப்போது கோலோச்சியது அங்சானா. தமிழர்களுக்கு நெருக்கமான வேங்கையும் ஆந்திர எல்லைக் காடுகளின் செம்மரமும் எந்த இனமோ, அதே டெரோகார்ப்பஸ் இனத்தைச் சேர்ந்தது இது. தென் பர்மாவில் தொடங்கி மலாய்த் தீவுகள், பிலிப்பைன்ஸ் வழியாகப் பசிபிக் தீவுகள் வரை கடலோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் இயல்பாக வளர்வது. பிலிப்பைன்ஸ் அதை நாரா என்று அழைத்துத் தன் தேசிய மரமாகக் கொண்டாடுகிறது. பூவும் வேங்கையைப் போலவே பொன் மஞ்சள். மழையும் வெயிலும் மாறி வரும் பருவத்தில் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பூத்து, மறுநாள் காலை எல்லாம் உதிர்ந்து சாலையை மூடிவிடும். வேங்கைப் பூ உதிர்ந்த பாறையைப் புலியாகக் கண்டு மயங்கிய சங்கப் புலவர்களிடம் அங்சானா உதிர்ந்த தார்ச்சாலையைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

மலாக்காவிலும் பினாங்கிலும் அங்சானா சாலை மரமாக முதலில் பெயர் வாங்கியது. கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் என்பது அதன் பெரிய வசதி. அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று. ஒரே தாய்மரத்தின் கிளைகளாக வரிசை வரிசையாக நின்றவை ஒரே நோய்க்கு ஒன்றாக விழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாக்காவிலும் பினாங்கிலும் பரவிய வாடல் நோய், 20ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் சிங்கப்பூரின் பழைய அங்சானா வரிசைகளைச் சாய்த்தது. அன்று காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. வெற்றான இடங்களை நிரப்ப நர்சரியில் கைவசம் இருந்தவற்றுள் வேகமாக வளர்வதும் இடம் பெயர்த்து நட்டால் தாங்குவதும் தூங்குமூஞ்சிதான். பாடாங் திடலை ஒட்டிய கன்னாட் டிரைவில் இன்றும் தழைத்து நிற்கும் முதுமரங்கள் அந்தப் பழைய தலைமுறையைச் சேர்ந்தவை.

இவற்றைக் குழிவெட்டி நட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு ஆவணங்களில் பெயர்கள் கிடைக்காது. சிங்கப்பூரின் முதல் சாலைகளை வெட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825இல் சுமாத்திராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட கூட்டத்தோடு தொடங்கி, 1873இல் அந்த முறை முடியும்வரை சதுப்பை நிரப்பியதும் கல் உடைத்ததும் அவர்கள்தாம். தூங்குமூஞ்சி வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. அதற்குள் சாலை வேலை கூலிக்கு வந்தவர்களின் கைக்குப் போயிருந்தது. நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் சாலை போட, சாக்கடை அள்ள, புல் வெட்ட நாட்கூலிகளாக இருந்தவர்களில் தென்னிந்தியர்களே, அவர்களிலும் தமிழர்களே, அதிகம். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் இதுவே நிலை. கண்காணிப்பாளர்களின் பெயர்கள் தெருக்களுக்கும் செடிகளுக்கும் சூட்டப்பட்டன. மண்வெட்டி பிடித்தவர்கள் கணக்கில் ஆள் எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். இன்றும் ஏணி வண்டியில் ஏறிக் கிளை கழிப்பவர்களிலும் சாலையோரம் புல் வெட்டுபவர்களிலும் தமிழகத்துத் தொழிலாளர்கள் கணிசம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் அவர்களைக் காணலாம்.

தேக்காவில் அவர்களுக்கு நிழல் கொடுப்பது பெரும்பாலும் மரமல்ல, கட்டடம். சிராங்கூன் சாலையும் அதிலிருந்து கிளைக்கும் பஃப்ளோ சாலை, கேம்பல் லேன், டன்லப் தெரு போன்றவையும் கடைவீடுகளின் தெருக்கள். ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த ஐந்தடி நடைபாதையில்தான் பூக்கட்டுபவர், வெற்றிலைக்காரர், கிளி சோதிடர், பணமாற்றுக்காரர் எல்லோரும் பிழைத்தார்கள். அது மனிதனுக்கு நிழல் தந்தது, மரத்துக்கு இடம் தரவில்லை. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டபின் கட்டடங்களின் வரிசையும் உறுதிப்பட்டுவிட்டது. முப்பது மீட்டர் குடை விரிக்கும் மரத்துக்கு அங்கே வாய்ப்பே இல்லை. பழைய குதிரைப் பந்தயத் திடலான ஃபேரர் பார்க்கின் பக்கம் போனால்தான் வானமும் பெருமரங்களும் ஒன்றாகக் கண்ணில் படும். 1843 முதல் 1933 வரை அங்கே பந்தயம் நடந்தது. திறந்த வெளி மிஞ்சியதற்கு அதுவே காரணம். ஆக சிங்கப்பூரில் நிழலுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. குறுகிய தெருக்களில் அது கொத்தனாருடையது, அகன்ற சாலைகளில் தோட்டக்காரருடையது.

இரண்டாவது வரலாறு 1929இல் பூமலைக்கு உதவி இயக்குநராக வந்த எட்ரெட் கார்னரின் கையில் புத்தகமாயிற்று. அவருடைய ‘மலாயாவின் சாலையோர மரங்கள்’ 1940இல் வெளிவந்தது. தினமும் கடந்துபோகும் சாலை மரங்களின் பூப்பையும் உதிர்வையும் இத்தனை நுணுக்கமாகப் பதிந்த நூல் ஆசியாவில் வேறொன்று இருந்ததா என்பது ஐயமே. இரண்டு ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தனர். போரும் அதன் பின்னான வீட்டுப் பஞ்சமும் மரங்களை யாருடைய கவனத்திலும் வைக்கவில்லை.

1963 ஜூன் 16ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் கன்றை நட்டார். பெயரொற்றுமையால் குழம்ப வேண்டாம். அது ஹாலண்ட் சாலைப் பக்கம், தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் அல்ல. இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் மெம்பாட் இவ்வட்டாரத்துக் காட்டு மரம். தொடக்கவிழாவுக்கு உள்ளூர் மரம் கிடைத்தது, ஆனால் திட்டம் பெருகியபோது அது போதவில்லை. 1967இல் ‘பூந்தோட்ட நகரம்’ என்ற குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. பொதுப்பணித் துறைக்குள் பூங்கா, மரங்களுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. 1970 முடிவதற்குள் 55,000க்கும் மேற்பட்ட புது மரங்கள் நடப்பட்டன. 1971 நவம்பர் 7ஆம் தேதி முதலாவது மரம் நடும் நாள். அன்று தற்காலிகப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ ஃபேபர் மலையுச்சியில் நட்டது தூங்குமூஞ்சிக் கன்று. குறியீடாக நடுவதற்குக்கூட அதையே தேர்ந்தது, அதற்குள் அது எவ்வளவு ‘ஊர் மரம்’ ஆகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

இந்தத் திட்டத்தின் பின்னால் இருந்த கணக்கு எளியது. புதிய நாட்டுக்கு முதலீட்டாளர்கள் வேண்டும். வருபவர் விமான நிலையத்திலிருந்து அலுவலகம் வரை காணும் சாலை ஒழுங்காகவும் பச்சையாகவும் இருந்தால், நிர்வாகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்புவார். அழகுணர்ச்சியைவிட இந்த நம்பிக்கைதான் மரங்களுக்கு நிதி ஒதுக்கியது. ஆனால் மரம் வளர ஆண்டுகள் ஆகும், அரசுக்குப் பொறுமை இல்லை. அதற்கு வனவியலாளர் வோங் யூ குவான் கண்ட வழி ‘உடனடி மரம்’. அங்சானாவின் பல மீட்டர் நீளமுள்ள தடித்த கிளையை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைத்துச் சாலையோரம் நிறுத்தினால், ஓரிரு ஆண்டுகளில் நிழல். தூங்குமூஞ்சி, அங்சானா, இவ்வட்டாரத்துக்கே உரிய மஞ்சள் பூப் பெருங்கொன்றை ஆகியவை எழுபதுகளின் முதன்மை மரங்களாயின. வெளிநாட்டுத் தூதரகங்கள் மூலமும் தாவரவியலார் பயணங்கள் மூலமும் ஏறத்தாழ 8,000 வகைச் செடிகொடிகளைக் கொண்டுவந்து, அவற்றில் 2,000 மட்டுமே பிழைத்ததாக லீ தம் நினைவுநூலில் குறிப்பிட்டிருக்கிறார். புதிய வண்ணங்களுக்காக இவ்வளவு தேடியும், முதுகெலும்பாக நின்றவை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த மரங்கள்தாம்.

1975இல் வந்த பூங்கா, மரங்கள் சட்டம் சாலை போடும்போதும் வாகன நிறுத்தம் கட்டும்போதும் மரத்துக்கு இடம் ஒதுக்குவதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் மற்ற வெப்பமண்டல நகரங்களிலிருந்து பிரிந்த இடம் இதுவே எனலாம். சென்னையிலும் கொழும்பிலும் காலனிக் காலத்துத் தூங்குமூஞ்சிகள் ஏராளம். அங்கே சாலை அகலமாகும்போது மரம் போகும். சிங்கப்பூரிலும் மரங்கள் வெட்டப்படுகின்றன, ஆனால் அடுத்த மரத்துக்கான மண்கீற்று சாலையின் வரைபடத்திலேயே இருக்கும். 1981இல் சாங்கி விமான நிலையத்தோடு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே திறக்கப்பட்டபோது, கடலைத் தூர்த்து எடுத்த மண்ணில் தூங்குமூஞ்சி வரிசைகள் எழுந்தன. காடு இருந்த நிலத்தில் காடு போயிற்று, கடல் இருந்த நிலத்தில் அமெரிக்கப் புல்வெளி மரம் முளைத்தது.

உடனடி மரம் விலை கேட்டது எண்பதுகளில். அங்சானாக்கள் மீண்டும் வாடின. இம்முறை ஆய்வகங்கள் இருந்தன. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைப்பதும், மின்னல் தாக்கிப் பலவீனப்பட்ட மரத்தைத் துளைக்கும் வண்டுகள் அதைப் பரப்புவதும் தெரியவந்தன. நூறாண்டுக்கு முன் மலாக்காவிலும் பினாங்கிலும் நடந்தது என்ன என்பதற்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. நோய் தாக்காத மரங்களைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கினார்கள். அங்சானா முற்றாகக் கைவிடப்படவில்லை, ஆனால் அதன்பின் எந்த ஒரு மரத்தையும் கண்ணைமூடி நம்பவில்லை. கூட்டு நடவும், பல அடுக்கு நடவும் அதன் விளைவு. வட்டாரத்து மரம் இருமுறை நோய்க்கு இரையானபோது, வந்தேறி மரம் ஒருமுறையும் அப்படிச் சாயவில்லை. தன் பூச்சிகளையும் நோய்களையும் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்த மரத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது வழக்கம். மலாயா ரப்பர் பிழைத்ததற்கும் காரணம் அதுதான்: பிரேசிலில் அதைத் தின்னும் இலைக்கருகல் நோய் இங்கே வந்து சேரவில்லை.

2001இல் தொடங்கிய பாரம்பரிய மரத் திட்டம், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட அடிச்சுற்றும் வரலாறும் கொண்ட மரங்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் தெம்புசு போன்ற மண்ணின் மரங்களும் தூங்குமூஞ்சிகளும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. பூமலையின் புல்வெளியில் கிடைக்கிளை நீட்டி நிற்கும் தெம்புசுதான் ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது, அது தோட்டத்தைவிட வயதில் மூத்தது. அதே பூமலையில் 2017 பிப்ரவரியில் ஏறத்தாழ 270 வயதான இன்னொரு தெம்புசு வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். மண்ணின் மரம் என்றால் விழாது என்ற எண்ணத்துக்கும் அன்று அடி விழுந்தது.

தூங்குமூஞ்சியின் கிளைகளைப் பார்த்தால் அது தனியாக வாழவில்லை என்பது தெரியும். பறவைக்கூட்டுப் பெரணி, கருவாலி இலைப் பெரணி, புறா ஆர்க்கிட் எல்லாம் அகன்ற கிளைகளின்மேல் தொற்றி வளர்கின்றன. இவை இத்தீவின் பூர்வீகக் குடிகள். அவை ஏறி வாழ்ந்த காட்டு மரங்கள் போய்விட்டதால் இந்த மரத்தில் குடியேறின. பெருமழைக்குப் பின் வெப்பம் சட்டென்று குறைந்தால், ஒன்பது நாள் கழித்து நகரம் முழுவதும் புறா ஆர்க்கிட் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். 1990களின் நடுவில் பூமலை தொடங்கிய திட்டம் இதை வேண்டுமென்றே செய்தது. சிங்கப்பூரில் அழிந்துபோயிருந்த புலி ஆர்க்கிட் முதலியவற்றை ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்து, சாலையோரத் தூங்குமூஞ்சிக் கிளைகளில் கட்டிவிட்டார்கள். பட்டை சொரசொரப்பாக ஈரம் தேக்குவதும், இலை மெலிந்து வெளிச்சம் விடுவதும் ஆர்க்கிட்டுக்குத் தோதாக அமைந்தன.

இத்தனை ஆண்டு நின்றும், தூங்குமூஞ்சிப் பூ தமிழர்களின் பூக்கடையில் ஏறவே இல்லை. பஃப்ளோ சாலையில் மல்லிகை, கனகாம்பரம், ரோஜா, சம்பங்கி, துளசி எல்லாம் தொங்கும். தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் தூங்குமூஞ்சிப் பூவை யாரும் எடுப்பதில்லை. அந்நிய மரம் என்பது இதற்குக் காரணமாக இருக்க முடியாது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஏறத்தாழ அதே நிலப்பரப்பிலிருந்து வந்த நாகலிங்கம் சிவன் கோயில்களின் பூவாகிவிட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த ஈழத்தலரி இந்துக் கோயிலிலும் மலாய்க்காரர் இடுகாட்டிலும் ஒருங்கே இடம் பிடித்தது. தூங்குமூஞ்சிப் பூ பறித்த சற்று நேரத்தில் தாள்கள் துவண்டு நூலாகிவிடும், நாரில் தொடுக்க நிற்காது. உயரமும் எட்டாது. பக்தி ஏற்பதற்குக்கூடப் பூவுக்குக் கொஞ்சம் உறுதி வேண்டியிருக்கிறது.

சாலை மரங்களின் எண்ணிக்கை இதற்குள் எங்கேயோ போய்விட்டது. 1974இல் 158,600ஆக இருந்த நடப்பட்ட மரங்கள் 2014இல் 14 லட்சமாகின. 2020இல் அறிவிக்கப்பட்ட இயக்கம் 2030க்குள் மேலும் பத்து லட்சம் நட முனைகிறது. இப்போது முன்னுரிமை வட்டாரக் காட்டு மரங்களுக்கு. காட்டை ஒட்டிய சாலைகளில் மேலடுக்கு, நடுவடுக்கு, புதர் என்று காட்டைப் போலவே நடுகிறார்கள். குறுகிய சாலைகளில் தூங்குமூஞ்சி நடுவது குறைந்துவிட்டது. வேர்கள் நடைபாதையைத் தூக்கும், கிளை கட்டடத்தில் மோதும். அகன்ற விரைவுச்சாலைகளில் மட்டும் அதற்கு ஈடாக இன்னும் ஒன்று கிடைக்கவில்லை.

தாயகம் எது என்ற கேள்விக்கு அதிக எடை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மொலுக்காத் தீவுகளிலும் நியூகினியிலும் தோன்றிய அல்பீசியா, தூங்குமூஞ்சியைவிட எவ்வளவோ பக்கத்துவீட்டு மரம். அதைச் சிங்கப்பூரில் கொண்டுவந்து வைத்ததும் கைவிட்ட நிலங்களையெல்லாம் தானாகப் பிடித்துக்கொண்டு தனிக் காடாகவே பெருகிவிட்டது. கிளை முறிந்து விழும் ஆபத்தால் அதை இப்போது வெட்டியெடுக்கிறார்கள். கடல்கடந்து வந்த தூங்குமூஞ்சியோ நூற்றைம்பது ஆண்டுகளாகியும் சிங்கப்பூரின் எஞ்சிய காட்டுக்குள் நுழையவில்லை. அடர்ந்த நிழலில் அதன் கன்று பிழைக்காது, நட்ட இடத்தில் நிற்கும். அதே மரம் ஃபிஜியிலும் வனுவாட்டுவிலும் கால்நடை மேயும் திறந்த நிலங்களில் பரவி, களையாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.